முப்பது அடிப் பங்காளி

"அங்கேயே நில்லுங்க. படியில கால் வைக்காதீங்க."

குவார்ட்டர்ஸின் பின்வாசலில் என் மனைவி செல்லம்மாள் நிற்கிறாள். கையில் மஞ்சள் கரைத்த வாளி. எதிரே நான், தலைமுடியிலிருந்து கால் பெருவிரல் வரை வெள்ளைத் தூளோடு, மாவு மில்லில் விழுந்து எழுந்தவன் மாதிரி. பிரிக்பீல்ட்ஸ் வரிசை வீடுகளுக்குப் பின்னால் சாயங்கால ரயில் போய்க்கொண்டிருந்தது. கொடியில் கிடந்த வேட்டிகள்மேல் வழக்கம்போல் கரித்தூள் விழுந்தது. மற்ற நாட்களில் ஓடிப் போய் வேட்டியை எடுப்பாள். அன்று அசையவில்லை.

"என்னத்தத் தொட்டுட்டு வந்திருக்கீங்க?"

"சாந்து. எலும்பு மாதிரி சாந்துல செஞ்சு சீமையிலேருந்து அனுப்பியிருக்காங்க."

"எல்லாமே சாந்தா?"

விரதத்தில் இருப்பவன் பொய் சொல்லக் கூடாது. முருகன் என்னை எத்தனையோ முறை சோதித்திருக்கிறான். ஆனால் ஒரே வார்த்தையில் சோதித்தது அன்றுதான்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் அசல். தொடை எலும்பு."

அரை வாளி என் தலையில் விழுந்தது.

"யாரோட எலும்பு?"

"மனுஷன் இல்ல செல்லம். ஏதோ மிருகம். செத்துப் பல கோடி வருஷம் ஆச்சாம்."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. மிருகம்தானே, குளித்துவிட்டு வந்தால் போயிற்று என்று நினைத்திருப்பாள். நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கேட்ட விஷயத்தை வீட்டில் வந்து ஒப்பிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"கிராணி சொல்றாரு, அது நமக்கு ஒரு வகையில பங்காளியாம்."

மீதி அரை வாளியும் விழுந்தது.

நேர்ந்தவள் ஒருத்தி, சுமப்பவன் ஒருத்தன்

அந்த வருஷ மழைக்காலத்தில் எங்கள் மகள் வள்ளிக்கு விஷக்காய்ச்சல் கண்டது. ஐந்து வயது. மூன்று வாரம் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கடவுள வேண்டிக்குங்க" என்றார். டிரெஸ்ஸர் வாயால் கடவுள் பெயர் வந்தால் மருந்து தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

செல்லம்மாள் அப்படியே எழுந்து தெருமுனை முருகன் சன்னிதிக்குப் போனாள். திரும்பி வந்தபோது, வரும் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி என்று முடிவாகியிருந்தது. சின்னப் பால்குடம் அல்ல, அலகு குத்திய பெரிய காவடி. தோள் என்னுடையது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன் என்பது அவளுக்கும் தெரியும், முருகனுக்கும் தெரியும்.

நாலாம் நாள் குழந்தை எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது" என்றது. அந்த ஒரு சொல்லுக்காக மலையையே சுமக்கலாம்.

நாற்பத்தெட்டு நாள் விரதம். ஒரு வேளைச் சோறு, தரையில் பாய், முகத்தில் தாடி. சாவு வீட்டுப் பக்கம் போகக் கூடாது. பங்காளி வீட்டில் யாராவது கண்ணை மூடினால் எல்லாம் முடிந்தது. அடுத்த வரிசையில் ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. பூசத்துக்கு மூன்று நாள் முன்பு காப்பார் தோட்டத்தில் அவருடைய சித்தப்பா மகன் தவறிவிட்டார். கட்டிய காவடியைப் பிரித்து அட்டாலியில் போட்டார்கள். அந்த வருஷமே அவர் பசுவும் கன்றும் செத்தன. செல்லம்மாள் அதை மறக்கவில்லை. காவடி நின்றால் காய்ச்சல் திரும்பி வரும் என்பது அவள் பயம். சொல்ல வெட்கமாக இருந்தாலும், என் பயமும் அதுதான்.

செத்த காலேஜுக்கு வந்த பெட்டிகள்

நான் தச்சன். தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரை படித்தவன். அப்போது மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குச் சட்டம் அடிக்கும் வேலை. மெட்ராஸ் பக்கத்து ஆட்கள் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். அது சரியான பெயர்தான். உள்ளே ஆசிரியர்களும் கிடையாது, மாணவர்களுக்கு உயிரும் கிடையாது.

சட்டம் அடிப்பதோடு, பஞ்சு அடைத்த மிருகங்களுக்கு வைத்தியம் பார்ப்பதும் என் பொறுப்பு. ஒரு முதலைக்கு ஒரு கண் காணாமல் போனபோது, பாசாரில் கோலிக்குண்டு வாங்கிப் பொருத்தினேன். பச்சை கிடைக்கவில்லை, நீலம்தான் கிடைத்தது. அதிலிருந்து அந்த முதலை ஒரு பக்கம் பார்த்தால் முதலை, இன்னொரு பக்கம் பார்த்தால் துரைசாணி. மியூசியத்தை நடத்தும் எங்கள் துரை அதை இரண்டு வருஷம் கவனிக்கவில்லை. அவருக்கு முதலையில் நாட்டமில்லை. எலும்பு என்றால் மட்டும் உயிர்.

அந்த மார்கழியில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து ரயிலில் பெட்டிகள் வந்தன. சில மாதம் காட்சிக்கு வைத்துவிட்டுச் சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டிய சரக்கு. ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றி வந்து, வைக்கோலைப் பிரித்தோம். விலா, முதுகு, வால், வால், இன்னும் வால். வால் முடியவே இல்லை. எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பியபோது முப்பது அடி இருந்தது.

"இகுவானோடான்" என்று படித்தார் கிராணி. கிராணி என்றால் எங்கள் ஊரில் குமாஸ்தா. இவர் யாழ்ப்பாணத்துக்காரர், வழுக்கைத் தலை, குடை இல்லாமல் கக்கூசுக்குக் கூடப் போக மாட்டார். துரையின் இங்கிலீஷை எனக்குத் தமிழாக்குவது அவர்தான். "உடும்பு மாதிரிப் பல்லுள்ளது எண்டு அர்த்தம் காணும்."

"உடும்பா! இது கடிச்சா என்ன ஆகும்?"

துரையிடம் நானே கடைத்தெருப் பாசார் மலாயில் கேட்டேன், என்ன தின்னும் என்று. அவர் ஒரு பல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓரம் அரம் மாதிரி, மேலே தேய்ந்து தட்டையாக இருந்தது.

"டாவுன் சாஜா" என்றார். இலை மட்டும்தான்.

முருகா, சைவம்! எனக்கு அந்த நிமிஷமே அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. முப்பது அடி உடம்பை வைத்துக்கொண்டு இலை தழையில் காலம் தள்ளியிருக்கிறது. நான் விரதம் தொடங்கிய நாலாம் நாளே கருவாட்டு வாசனைக்கு மூன்று வீடு தாண்டிப் போய் நின்றவன்.

மூன்று நாளில் கட்டி நிறுத்தினோம். பின்கால் இரண்டில் நின்று, வாலை ஊன்றிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி. கடைசியில் கூம்பு மாதிரி இரண்டு முள் மிஞ்சின. தச்சனுக்குச் சாமான் மிஞ்சினால் மானக்கேடு. யோசித்துப் பார்த்து, ஒன்றை மூக்கின் மேல் ஆணி வைத்துப் பொருத்திவிட்டேன், காண்டாமிருகம் மாதிரி. இன்னொன்று உடைந்தால் மாற்றுவதற்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

துரை வந்து பார்த்தார். பெட்டிமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன சொல்றாரு?"

"அது கைப் பெருவிரல் காணும். ரெண்டு கைக்கும் ஒவ்வொண்டு. ஆனா முதன்முதல் இதைக் கண்டுபிடிச்ச பெரிய படிப்பாளியும் மூக்கிலதான் வச்சவராம். உமக்குப் பெருமைதான்."

இடுப்பைப் பார்த்துச் சொல்லும் குலம்

பிறகு துரை இடுப்பெலும்பைக் காட்டி நீளமாகப் பேசினார். கிராணி குடையை ஊன்றிக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"இந்தப் பெரிய பல்லி இனத்துக்குள்ள ரெண்டு பெருங்குலம் இருக்காம். இந்த எலும்பு முன்னுக்குப் பார்த்தா பல்லி இடுப்புக் குலம். பின்னுக்குப் பார்த்தா பறவை இடுப்புக் குலம். இவர் பறவை இடுப்பு."

"நம்ம ஊர்ல நெத்தியப் பார்த்து ஜாதி சொல்லுவாங்க. துரை இடுப்பைப் பார்த்துச் சொல்றாரா?"

"நெத்தியில பூசினதைக் கழுவலாம். இடுப்பைக் கழுவேலாது." கிராணி மேலும் சொன்னார். "பல்லி இடுப்புக் குலத்தில இறைச்சி தின்னுறதும் உண்டு, இலை தின்னுறதும் உண்டு. பறவை இடுப்புக் குலம் முழுக்கச் சைவமாம்."

நான் அண்ணாந்து பார்த்தேன். வாயின் முன்பக்கத்தில் பல் இல்லை, அலகு மாதிரி இருந்தது. காலில் மூன்று விரல், இடுப்போ பறவை இடுப்பு. சைவம் வேறு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இது மயிலின் முப்பாட்டன் அல்லாமல் வேறு என்ன? பூச விரதம் இருக்கும் ஏழைத் தச்சன் கையால் எழுந்து நிற்க வேண்டும் என்று கடல் தாண்டி வந்திருக்கிறது!

இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, அந்த அசல் தொடை எலும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"புரோங்?" என்று துரையிடம் கேட்டேன். பறவைதானே?

"புக்கான்" என்றார் துரை. இல்லை. சாயல் மட்டும்தானாம், பறவைகள் இந்த வழியில் வரவில்லையாம்.

நான் நம்பவில்லை. கிராணி தன் தலையைத் தடவிக் காட்டினார். "மார்க்கெட் மீன்காரனுக்கும் எனக்கும் ஒரே மொட்டைதான். அதுக்காண்டி அவன் என்ர தம்பியோ?"

"அப்ப இதுக்கு வாரிசு?"

"ஒருத்தரும் இல்லை. குலத்தோட அழிஞ்சு போச்சாம்." என் முகம் வாடியதைப் பார்த்து, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் ஒன்று சேர்த்தார். "கவலைப்படாதையும். இன்னும் பின்னுக்குப் போனா மனுசர், மாடு, மயில், இது எல்லாத்துக்கும் ஒரே மூதாதையாம். துரையின்ர கணக்குப்படி நீரும் அதுவும் பங்காளியள்."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனேன்.

விறகுக் கொட்டகையில்

பங்காளி என்ற சொல்லைக் கேட்டதும் செல்லம்மாள் கேட்ட கேள்விகளுக்கு என்னாலும் பதில் சொல்ல முடியவில்லை, எந்தத் துரையாலும் சொல்லியிருக்க முடியாது.

"செத்துக் கோடி வருஷம்னா, தீட்டு எந்த நாள்லேருந்து கணக்கு? செத்த நாள்லேருந்தா, நீங்க தொட்ட நாள்லேருந்தா?"

"தெரியல."

"பதினாறு நாளா, மூணு நாளா?"

"தெரியல செல்லம்."

"தெரியாமத்தான் கண்ணுல ஒத்திக்கிட்டீங்களா?"

அதையும் சொல்லியிருந்தேன். விரதமல்லவா.

அன்று முதல் என் ஜாகை விறகுக் கொட்டகை. பாய், ஒரு சொம்பு, திருநீற்றுப் பை. சோறு வாழை இலையில் வரும், தூரத்தில் வைத்துவிட்டுப் போவாள். வள்ளி ஜன்னல் வழியாக, "அப்பா, நீங்க என்ன தப்பு செஞ்சீங்க?" என்று தினமும் கேட்பாள். பக்கத்து வீட்டில் எங்களுக்குள் சண்டை என்று நினைத்து, சமாதானம் பேச ஆள் அனுப்பினார்கள். வந்தவரிடம் நான் நடந்ததைச் சொன்னேன். அவரும் யோசித்துவிட்டு, "தங்கச்சி சொல்றதுதான் சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் தை அமாவாசை. அதற்குள் தீராவிட்டால் காவடியைப் பிரிக்க வேண்டியதுதான் என்று அவள் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு உள்ளே போய் வள்ளியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆறாம் நாள் நான் கிளம்பிப் பண்டாரத்திடம் போனேன்.

ஏழு தலைமுறை

தெருமுனைச் சன்னிதிப் பண்டாரம் அரைக் கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் ஒருமுறை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"ஏழு தலைமுறைக்குள்ள பங்காளின்னா முழுத் தீட்டு, தம்பி. காவடியைத் தொடாதே. ஏழைத் தாண்டிட்டா, சேதி கேட்டதும் தலை முழுகினாப் போதும். இது எத்தனையாவது தலைமுறை?"

"கேக்கலீங்க."

"எலும்பத் தொடத் தெரிஞ்சுது, தலைமுறை கேக்கத் தெரியலையா?"

செல்லம்மாளிடம் சொன்னேன். "வாயில சொன்னா நான் நம்ப மாட்டேன். துரை கைப்பட எழுதி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

மறுநாள் துரையின் அறை வாசலில் நானும் கிராணியும் நின்றோம். விஷயத்தைச் சொல்லும்போது கிராணிக்கே சிரிப்பு வந்து குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். துரை சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் தன்னிடம் யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை என்றாராம். காகிதத்தில் ஒரு மரம் வரைந்தார். ஒரு கிளை நுனியில் வாலோடு நம்ம ஆள், அந்தக் கிளை அதோடு முறிந்து நின்றது. வெகு தூரத்தில் இன்னொரு கிளை நுனியில் தொப்பியோடு ஒரு மனிதன். இரண்டும் சேரும் அடிமரத்தைக் காட்டி, அதுவரை எத்தனை தலைமுறை என்று எண் போட்டார். ஒன்று போட்டார், அதன் பக்கத்தில் சைபர் போட்டார், போட்டுக்கொண்டே போனார். காகித ஓரம் வந்தது. திருப்பிப் போட்டார். கடைசியில், "இதற்கும் மேலேயே இருக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

செல்லம்மாள் அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. நான் விறகுக் கட்டைமேல் விரித்து வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இந்த முட்டை எல்லாம் என்ன?"

"தலைமுறை."

"ஏழுக்கு மேல இருக்குமா?"

"ஏழு எங்கயோ ஓரத்துல கெடக்கு செல்லம்."

அவள் மூச்சு விட்டாள். ஏழு நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு. பண்டாரத்தின் கணக்குப்படி ஒரு முழுக்கு, அவ்வளவுதான். பூசத்துக்குக் காவடி உண்டு. நான் பாயைச் சுருட்டத் தொடங்கினேன்.

அவள் நகரவில்லை. முறிந்த கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஏன் இப்படி பாதியில நிக்குது?"

"அதுக்கு வாரிசு இல்ல. அந்தக் குலமே போயிடுச்சு."

"ஒரு புள்ளகூட மிஞ்சலையா?"

"இல்ல."

"அப்ப அது செத்ததுக்கு இதுவரைக்கும் யாருமே தலை முழுகலையா?"

எனக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றியதே இல்லை. துரைக்கும் தோன்றியிருக்காது. மூன்று வாரம் ஒரு குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குத் தோன்றியது.

"நாளைக்கு அமாவாசை" என்றாள். "மாமாவுக்கு எள்ளும் தண்ணியும் விடப் போறீங்கல்ல. அதோட சேர்த்து இதுக்கும் விடுங்க. தலை முழுகறது எப்படியும் முழுகறோம், முறையா முழுகுவோம்."

ஆற்றங்கரையில்

மறுநாள் காலை கிள்ளான் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். ஈயச் சுரங்கங்கள் கழுவிவிட்ட சேற்றால் ஆறு தேயிலைச் சாயம் மாதிரி ஓடியது. பண்டாரம் கரையில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். செல்லம்மாள் வள்ளியை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் நின்றாள்.

என் அப்பாவுக்கு விட்டேன். தாத்தாவுக்கு விட்டேன். பண்டாரம் எழுந்திருக்கப் போனார்.

"இன்னும் ஒருத்தர் இருக்காருங்க."

"பேரு?"

"இகுவானோடான்."

"என்னப்பா, சர்ச்சுக்குப் போற வேதக்காரர் பேரு மாதிரி இருக்கு?"

"இல்லீங்க. சைவம்."

"கோத்திரம்?"

நான் கொஞ்சம் யோசித்தேன். ஆற்றில் நின்று பொய் சொல்லக் கூடாது.

"பறவை இடுப்புக் கோத்திரம்."

பண்டாரம் என்னைப் பார்த்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் அமாவாசைக் கூட்டம் வரிசையில் நின்றது. அவர் கோத்திரத்தைச் சேர்த்து மந்திரத்தைச் சொன்னார். இடையில் ஒரு இடத்தில் நிறுத்தி, "உறவு முறை?" என்று கேட்டார்.

 காகிதத்தில் முறை எதுவும் எழுதவில்லை. பின்னால் வரிசையில் யாரோ, "சீக்கிரம் சொல்லுங்க அண்ணே, வேலைக்குப் போகணும்" என்றார்கள்.

மேட்டிலிருந்து செல்லம்மாள் குரல் கொடுத்தாள்: "பங்காளின்னே சொல்லுங்க."

எட்டு நாள் என்னை வீட்டுக்கு வெளியே நிறுத்திய அதே சொல். நான் சொன்னேன். பண்டாரமும் சொன்னார். எள்ளோடு ஒரு கை தண்ணீர் அள்ளி விட்டேன். மூன்று முறை முழுகினேன். செல்லம்மாளும் குழந்தையை வரிசையில் நின்ற ஒரு அக்காவிடம் கொடுத்துவிட்டு இறங்கி, தலை முழுகிக் கரையேறினாள்.

ஈரத் துணியோடு வீட்டுப் பக்கம் நடந்தோம். பத்தடி போனதும் அவள் நின்றாள்.

"ஏங்க, அது எவ்வளவு நீளம்னு சொன்னீங்க?"

"முப்பது அடி."

"மாமாவுக்கு விட்ட அதே ஒரு கைதான் அதுக்கும் விட்டீங்களா?"

"ஆமா."

"பத்துமா?"

நான் திரும்பிப் போய் ஆற்றில் இறங்கினேன். பண்டாரம் எள்ளை நீட்டினார். இந்த முறை இரண்டு கையையும் சேர்த்து, கொள்ளுமட்டும் அள்ளினேன்.